மூளைத் தண்டுவடத் திரவத்தில் மன அழுத்த நரம்புக்கடத்திகள்

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நிறமற்ற திரவத்தில், மன அழுத்தத்தின்போது செயல்படும் நோர்அட்ரினலின், சி.ஆர்.எச். (கார்டிகோட்ரோபினை வெளிவிடச் செய்யும் ஹார்மோன்), செரோட்டோனின் முதலிய நரம்புக்கடத்திகளும் அவற்றின் சிதைவுப் பொருள்களும் மிக நுண்ணிய அளவில் உள்ளன. இவற்றில் பெரும்பாலானவை மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பணுக்கள் வெளியிட்டவை. இரத்தத்திலிருந்து வந்தவை அல்ல. கார்டிசால் இதற்கு மாறானது. அது நரம்புக்கடத்தி அன்று, ஹார்மோன். இரத்தம் வழியே வந்து சேர்கிறது.

திரவமும் தடைகளும்

வளர்ந்தவர் ஒருவரிடம் இத்திரவம் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் இருக்கும். நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் சுரப்பதால், ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் புதுப்பிக்கப்படுகிறது. மூளை அறைகளிலுள்ள கொராய்டு பின்னல் இதன் பெரும்பகுதியைச் சுரக்கிறது. நரம்பணுக்களுக்கு இடையே கசியும் நீரும் இதனுடன் கலக்கிறது. நரம்புக்கடத்திகள் பெரும்பாலும் இந்த இடைநீரோடுதான் திரவத்தை அடைகின்றன. வெளியான கடத்தியில் பெரும்பங்கை நரம்பு முனைகளே மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சியது மட்டுமே திரவத்துக்கு வரும்.

மூளையின் நுண்குழாய்ச் சுவர்ச் செல்களும் கொராய்டு பின்னலின் மேற்பரப்புச் செல்களும் நெருக்கமாகப் பிணைந்து தடையாக நிற்கின்றன. அதனால் அட்ரீனல் சுரப்பி இரத்தத்தில் விடும் அட்ரினலின் மூளைத் திரவத்துக்குள் எளிதில் நுழைவதில்லை. அதற்குப் பதிலாக, உடலின் பரபரப்பு வேகஸ் நரம்பு வழியாக மூளைத் தண்டை எட்டி, அங்குள்ள நரம்பணுக்களைத் தூண்டுகிறது.

நோர்அட்ரினலின்

மூளையின் நோர்அட்ரினலினுக்கு முதன்மை ஊற்று, மூளைத் தண்டின் பான்ஸ் பகுதியிலுள்ள லோகஸ் செருலியஸ். நீலச் சாயல் கொண்டதால் இலத்தீனில் ‘நீல இடம்’ எனப் பொருள்படும் பெயர் பெற்றது. இது சில பத்தாயிரம் நரம்பணுக்களே கொண்ட சிறு திரள். ஆயினும் இதன் இழைகள் பெருமூளைப் புறணி முதல் தண்டுவடம் வரை பரவியுள்ளன. சுவீடன் ஆய்வாளர்கள் டால்ஸ்ட்ரோம், ஃபுக்ஸே இருவரும் 1964-இல் ஒளிர்வு முறையால் மூளைத் தண்டின் நோர்அட்ரினலின் திரள்களை வரையறுத்தனர். இடுப்புப் பகுதியில் எடுக்கும் திரவத்தில் தண்டுவடத்தின் நரம்பு முனைகள் விட்ட நோர்அட்ரினலினும் கலந்திருக்கும்.

சி.ஆர்.எச்.

கார்டிகோட்ரோபினை வெளிவிடச் செய்யும் இந்த ஹார்மோனை 1981-இல் வைலி வேல் குழுவினர் ஆட்டு மூளையின் ஹைப்போதலாமஸிலிருந்து பிரித்தெடுத்தனர். இது 41 அமினோ அமிலங்களாலானது. ஹைப்போதலாமஸில் தோன்றும் சி.ஆர்.எச். தனி இரத்தக் குழாய்கள் வழியே பிட்யூட்டரிக்குச் சென்று, முடிவில் அட்ரீனலைக் கார்டிசால் சுரக்க வைக்கிறது. திரவத்தில் காணும் சி.ஆர்.எச். பெரும்பாலும் இப்பாதையைச் சேர்ந்ததன்று. அமிக்டலா, பெருமூளைப் புறணி, தண்டுவடம் ஆகியவற்றில் சி.ஆர்.எச். நரம்புக்கடத்தியாகவும் செயல்படுகிறது. ரீசஸ் குரங்குகளின் திரவத்தில் இதன் அன்றாட ஏற்ற இறக்கம், கார்டிசாலின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகவில்லை என 1987-இல் வெளியான ஆய்வு காட்டியது.

செரோட்டோனின், டோபமின்

இவற்றை நேரடியாக அளப்பதைவிடச் சிதைவுப் பொருள்களை அளப்பதே வழக்கம். செரோட்டோனின் ராஃபே நரம்பணுத் திரள்களில் உருவாகிறது. அவற்றின் இழைகள் சில, மூளை அறைகளின் உட்சுவர் மீதே படர்ந்துள்ளன. அதன் சிதைவுப் பொருள் 5-ஹைட்ராக்சி இன்டோல் அசெட்டிக் அமிலம். டோபமினின் சிதைவுப் பொருளான ஹோமோவனிலிக் அமிலம், பக்க அறைகளை ஒட்டிய காடேட் பகுதியிலிருந்தே மிகுதியாக வருகிறது. இவ்விரு அமிலங்களும் மூளை அறைகளில் செறிந்தும் இடுப்பருகே நீர்த்தும் இருக்கும்.

கார்டிசால்

கொழுப்பில் கரையும் தன்மையால் கார்டிசால் தடைகளைக் கடந்துவிடும். ஆனால் இரத்தக் கார்டிசாலில் பெரும்பங்கு புரதங்களோடு பிணைந்திருப்பதால், பிணையாத சிறு பங்கே திரவத்தை எட்டுகிறது.

மாதிரியும் பொருள்கொள்ளலும்

ஹைன்ரிச் குவின்கே 1891-இல் அறிமுகப்படுத்திய இடுப்புத் துளைப்பு முறையில்தான் மாதிரி எடுக்கிறார்கள். கால்வாயின் கடைமடையில் நீரெடுப்பது போன்றது இது: தலைப்பில் நடந்தது வழியில் கலந்தும் நீர்த்தும்தான் வந்து சேரும். முதலில் வடியும் துளிகள் இடுப்பருகே இருந்தவை; பிறகு வடிபவை மேலிருந்து இறங்கியவை. எனவே எத்தனையாவது மில்லிலிட்டர் அளக்கப்பட்டது, ஆளின் உயரம் என்ன, நேரம் என்ன என்பவை முடிவை மாற்றும். ஊசி குத்துவதே அழுத்தம் தருவதால், மெல்லிய குழாயைப் பொருத்திப் பல மணி நேரம் மாதிரி சேர்க்கும் முறையும் கையாளப்படுகிறது.

மனச்சோர்வு நோயாளிகளின் திரவத்தில் சி.ஆர்.எச். கூடுதலாக இருப்பதை நெமராஃப் குழு 1984-இலும், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக்கோளாறு கொண்ட வியட்நாம் போர் வீரர்களிடம் அதையே பிரெம்னர் குழு 1997-இலும் அறிவித்தன. இதே கோளாறுள்ள ஆண்களிடம் ஜெராசியோட்டி குழு 2001-இல் ஆறு மணி நேரம் மாதிரி சேர்த்தது. திரவத்து நோர்அட்ரினலின் நோயின் கடுமையோடு சேர்ந்து உயர்ந்தது; இரத்தத்து நோர்அட்ரினலினில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை.