0.1இன் பக்கத்து வீட்டு எண்

நம் உயர்தர மாணவர்கள் கணினியில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி, 0.30000000000000004 என்று வருவதைப் பார்த்து முழிப்பதுண்டு. கணினியில் பழுதில்லை. அதற்கு ஒன்றைப் பாதி பாதியாகத்தான் உடைக்கத் தெரியும். அந்தத் துண்டுகளால் 1/10ஐச் சரியாகக் கட்ட முடியாது. பக்கத்திலுள்ள எண்ணை எடுத்துக்கொள்கிறது.

சவூதிக்கு வேலைக்குப் போனவர்களுக்குத் தஹ்ரான் தெரிந்த ஊர். 1991 பெப்ரவரி 25இல் அங்கே பேட்ரியட் ஏவுகணைக் காவல் ஈராக்கின் ஸ்கட்டைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படையினர் இறந்தனர். அதன் கடிகாரம் பத்தில் ஒரு செக்கனாக எண்ணியது. 1/10ஐ 24 இடங்களோடு வெட்டியிருந்தார்கள். ஏறத்தாழ 100 மணிநேரம் ஓடியதில் பிழை 0.34 செக்கனாகியது. அதற்குள் ஸ்கட் அரைக் கிலோமீற்றருக்கு மேல் பறந்துவிடும்.

தமிழில் கணக்கெழுதிய பழையவர்களுக்கு இந்த 1/10 தொல்லை தரவில்லை. திண்ணைப் பள்ளி எண்சுவடியில் முந்திரி 1/320, அரைக்காணி 1/160, காணி 1/80, மாகாணி 1/16, மா 1/20. 320க்குள் ஐந்தும் அடங்குவதால் 1/10 என்பது இருமா, மிச்சமில்லை. ஆனால் 1/3? கால், மாகாணி, காணி, அரைக்காணி நான்கையும் சேர்த்தால் 106 முந்திரி, குறைகிறது. இன்னொரு முந்திரி போட்டால் கூடிவிடுகிறது. இரண்டும் பக்கத்து வீடுகள், நடுவில் வீடில்லை. அதற்கும் வழி வைத்திருந்தார்கள்: முந்திரியையே முழு ஒன்றாக வைத்து மீண்டும் 320ஆக உடைத்தார்கள். அது கீழ்முந்திரி, 1/1,02,400. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளின் நிலக்கணக்கு இப்படித்தான் 'கீழ்', 'கீழ்' என்று இறங்கும்.

கணினியின் மிதக்கும் புள்ளி எண்ணும் இதே போக்குத்தான்: சிறிய எண்ணுக்குச் சிறிய அடி, பெரியதற்குப் பெரிய அடி. 1985இல் வந்த ஐ.ஈ.ஈ.ஈ. 754 விதி இதை ஒழுங்காக்கியது. அதில் வில்லியம் காஹனின் பங்கு பெரிது. சி மொழி 1999இல் 'நெக்ஸ்ட்ஆஃப்டர்' என்ற செயற்கூற்றைத் தன் விதிக்குள் சேர்த்தது. ஓர் எண்ணையும் திசையையும் கொடுத்தால் அடுத்த வீட்டு எண்ணைத் தரும். 'டபுள்' வகையில் 1க்கு மேலே அந்த இடைவெளி இரண்டின் 52ஆம் அடுக்கில் ஒரு பங்கு. 1க்குக் கீழே அதிலும் பாதி. உள்ளே நடப்பது எளிது: நேர் எண்ணின் பிட்டுகளை முழு எண்ணாக வாசித்து ஒன்றைக் கூட்டினால் அடுத்தது வந்துவிடும்.

முந்திரிக்கு 2019இல் யூனிக்கோடில் இடம் கிடைத்தது. வீட்டில் மூத்தவர்கள் யாருக்காவது மாகாணி, வீசம் வாய்ப்பாடு நினைவிருந்தால் கேட்டுக் கீழே எழுதுங்கள். வகுப்பில் காட்ட வேண்டும்.