அடைக்கலம்: ஒரு சொல்லின் சேரி வரலாறு



நம் ஊர்ச் சேரிகளில் அடைக்கலம், அடைக்கலமேரி, அடைக்கலசாமி என்று பெயர் கொண்டவர்களைப் பார்க்கிறோம். ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் காலத்திலிருந்து மாதாவுக்கே அடைக்கல மாதா என்று பெயர். விடிந்ததும் கடவுளிடம் அடைக்கலம் கேட்டுவிட்டு வேலைக்குப் போவதும், விளக்கு வைத்ததும் குடும்பமாக உட்கார்ந்து ஜெபிப்பதும் கிறிஸ்தவ தலித் வீடுகளின் அன்றாட வழக்கம். இந்த வழக்கத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடும் முற்போக்காளர்களும் உண்டு. ஆன்ம சுகம் என்று சுருக்கிவிடும் போதகர்களும் உண்டு. இரண்டு பார்வையும் வரலாற்றைத் தவறவிடுகின்றன என்பதே இந்த உரையின் வாதம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்று ஒரு பகுதியே இருக்கிறது. மதுரைக்கு வெளியே கண்ணகியையும் கோவலனையும் ஏற்றுக்கொள்பவள் மாதரி என்ற இடைச்சி. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் ஆறு அடைக்கலப் பட்டணங்கள் சட்டப்படி ஒதுக்கப்படுகின்றன. கை தவறிக் கொலை செய்தவன் பழிவாங்குகிறவனிடமிருந்து தப்பி அங்கே ஓடிச் சேரலாம். ஓடுகிறவனுக்கு வழியைச் செம்மைப்படுத்தி வைக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஆக, அடைக்கலம் என்பது மனநிலை மட்டுமல்ல. வீடு, ஊர், போய்ச்சேர ஒரு பாதை, கதவைத் திறக்க ஓர் ஆள் எல்லாம் சேர்ந்ததுதான் அடைக்கலம்.

தென் திருவிதாங்கூரில் நாகர்கோவிலுக்கு அருகே உள்ள மயிலாடிக்கு வருவோம். மகாராசன், பறையர் என்றும் சாம்பவர் என்றும் அழைக்கப்பட்ட சமூகத்தவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் யாத்திரையாகப் போனது சிதம்பரத்துக்கு. நந்தனின் கதை நடந்த அதே தலம். அவருடைய சாதிக்கு உள்ளே செல்ல உரிமையில்லாத கோயில். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கிறிஸ்தவ சமயத்தைக் கேட்டறிந்து, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் ஆனார். பிறகு லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபேயை மயிலாடிக்கு அழைத்தவரும் அவரே. 1806இல் ரிங்கல்தௌபே வந்தார். 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது. மிஷனரி வந்து சேரியைக் கண்டுபிடித்தார் என்று பாடப்புத்தகம் சொல்லும். நடந்தது வேறு. அடைக்கலத்தைத் தேடிக் கால்நடையாகப் போனவரும், அதை ஊருக்குக் கொண்டுவந்தவரும் ஒரு தலித்.

அந்த நாட்டில் அடிமை முறை அப்போது சட்டபூர்வமானது. மனிதர்கள் நிலத்தோடு விற்கப்பட்டார்கள். 1847இல் மிஷனரிகள் மன்னருக்கு மனு கொடுத்தார்கள். 1855இல்தான் அடிமை ஒழிப்புப் பிரகடனம் வந்தது. கூலியில்லாத கட்டாய வேலைக்கு அங்கே ஊழியம் என்று பெயர். இன்று சபைகளில் கடவுளுக்குச் செய்யும் பணிக்கும் ஊழியம் என்றே பெயர். ஆண்டைக்கு ஊழியம் செய்தவர்கள் "நான் கர்த்தருக்கு ஊழியக்காரன்" என்று சொன்னபோது, தன் உடலுக்கு வேறொரு எஜமான் உண்டு என்று ஆண்டையின் முகத்துக்கு நேரே அறிவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டேன் என்பது வாரத்தில் ஒரு நாளையாவது மீட்டெடுத்த போராட்டம். பக்தியும் உரிமையும் அங்கே ஒரே செயலாக இருந்தன.

வட தமிழகத்தில் இதே கேள்வி மண்ணின் வழியாக எழுந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் சேரி மக்கள் குடியிருந்த மனையே பல இடங்களில் மிராசுதாரர்களின் பிடியில் இருந்தது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துவிடுவார்கள். 1876-78 பஞ்சத்தையொட்டி ஏராளமானோர் சபைகளில் சேர்ந்தபோது, "அரிசிக் கிறிஸ்தவர்கள்" என்று ஏளனம் செய்தார்கள். வந்தவர்களின் நோக்கம் ஆன்மாவா வயிறா என்று மிஷனரிகளும் சந்தேகப்பட்டார்கள். இந்தப் பிரிவினையை ரூபா விஸ்வநாத் 2014இல் வெளிவந்த 'தி பறையா பிராப்ளம்' நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். குடியிருக்கும் மனை நாளைக்கு இருக்குமா என்று தெரியாதவர் கடவுளை வாசஸ்தலம் என்று அழைக்கும்போது, அதில் எது ஆன்மிகம், எது உலகியல் என்று எந்தக் கத்தியால் பிரிப்பது? செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையும், அதைத் தொடர்ந்து 1892இல் வந்த பஞ்சமி நில ஆணையும் இந்தப் பின்னணியில் பிறந்தவை. அந்த நிலம் யார் கையில் இருக்கிறது என்பதை இங்கே இருக்கும் தோழர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அடைக்கலம் தேடிப் போன இடத்திலும் சாதி முன்னாலேயே உட்கார்ந்திருந்தது. ஆலயத்தில் தனி இருக்கை, நற்கருணையில் பின்வரிசை. 1833இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்த பிறகும் தலித்துகளைப் பிரித்துவைக்கச் சுவர் எழுப்பப்பட்டது.

அரசும் ஒரு சுவர் எழுப்பியது. 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் அல்லர் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். சென்னைச் சாலையோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவரான சூசை தொடுத்த வழக்கை 1985இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. தெருவில் அதே தொழில், அதே சாதிப் பெயர். சான்று மட்டும் போதவில்லை! ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் இந்தத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது.

அண்ணல் அம்பேத்கர் கிறிஸ்தவத்தின் மீது வைத்த விமர்சனத்தை இங்கே மறைக்கக் கூடாது. தீண்டப்படாதவரின் வீழ்ச்சிக்குச் சமூக அமைப்பைக் காரணம் காட்டாமல், அவருடைய பாவத்தையே காரணமாகப் போதித்தது போராடும் உந்துதலைக் கெடுத்தது என்றார். "கர்த்தர் பார்த்துக்கொள்வார், நீ பொறுத்துப்போ" என்று சொல்லும் ஒவ்வொரு பிரசங்கத்துக்கும் இந்த விமர்சனம் பொருந்தும். அப்படிப்பட்ட நம்பிக்கை அடைக்கலம் அல்ல, அடைப்பு.

ஆனால் பதிலும் நம்மிடமிருந்தே வந்தது. 1980களில் அரவிந்த் நிர்மல் போன்றோர் தலித் இறையியலைத் தொடங்கினார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்று அழைக்கப்பட்ட தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையில் வழிபாட்டை அமைத்தார். ஓர் உலை என்ற கருத்தை முன்வைத்தார். எல்லாருடைய அரிசியும் ஒரே பானையில் வெந்து, எல்லாரும் சேர்ந்து உண்பதே நற்கருணை என்றார். சாதி இந்துவோ சாதிக் கிறிஸ்தவரோ, அந்த உலையில் கைவைக்காமல் அந்தக் கடவுளிடம் போக முடியாது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு, கல்லறை ஒதுக்கீடு, மனைப் பட்டா, சாதிச் சான்றிதழ் ஆகிய நான்கையும் அருகருகே வைத்துப் படியுங்கள். கூடவே, உங்கள் பாட்டி தினமும் விடியலில் என்ன கேட்டு ஜெபிக்கிறாள் என்று உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். கூலி, மழை, பேரனின் படிப்பு, மகள் பத்திரமாக வீடு திரும்புவது என்றுதான் அந்தப் பட்டியல் இருக்கும். அதில் எவை இன்னும் கிடைக்கவில்லையோ, அவையே நம் அடுத்த கோரிக்கை மனு.