நுங்கம்பாக்கத்துல சிக்கின சிவப்பு நட்சத்திரம்

சென்னை வெயில், மழை எல்லாம் சொல்ற நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகம் இருக்கே, அங்கேதான் ஒரு காலத்துல மெட்ராஸ் வான் ஆய்வகம் இருந்துச்சு. 1867 ஜனவரியில அங்க உதவியாளரா இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, தெற்கு வானத்துல ஒரு நட்சத்திரத்தோட ஒளி மாறுறதைக் கண்டுபிடிச்சார். பேரு ஆர் ரெட்டிகுலி. சென்னையிலிருந்து பார்த்தா அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலதான் அது வரும்.

அது வயசான சிவப்பு அரக்கன். சுமார் ஒன்பது மாசத்துக்கு ஒருமுறை உப்பிச் சுருங்குது. அதுக்கேத்த மாதிரி ஒளி நூற்றுக்கணக்கான மடங்கு கூடிக் குறையுது. சூரியனும் பல நூறு கோடி வருஷம் கழிச்சு இப்படித்தான் ஆகும்.

இதை ஒரே ராத்திரியில பிடிக்க முடியாது. இன்னைக்கு எழுதின அளவை அன்னைக்கு எழுதினதோட ஒப்பிடணும். நம்ம பாஷையில சொன்னா, லாக் ஃபைல் ஒழுங்கா இருந்தாத்தான் பக் தெரியும். ஆச்சாரியோட நோட்டு அவ்வளவு ஒழுங்கு.

1872-ல லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. ஆனா ஆய்வகத்துல கடைசி வரை, 1880-ல இறக்கும்போதும், அவர் உதவியாளர்தான். தலைமை நாற்காலி வெள்ளைக்காரங்களுக்கு.

நாற்காலி கிடைக்கல. நட்சத்திரம் மட்டும் இன்னும் அவர் கணக்குலதான் இருக்கு.