மண்ணுக்குள் மறைந்தவை

திண்டிவனத்திலிருந்து புதுவைக்குச் செல்லும் வழியில் சற்றே விலகினால் திருவக்கரை என்னும் சிற்றூர் வருகிறது. அங்கே மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பட்டையும் கணுவும் ஆண்டு வளையங்களும் மாறாத அக்கல்மரங்களை 1781 ஆம் ஆண்டிலேயே சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை அறிஞர் குறித்து வைத்தார். அவற்றின் வயது ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகள் என்பர். பார்த்து வியந்து திரும்புவோர் பலர். அம்மரங்களைத் தாங்கி நிற்கும் மணற்பாறையைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. நாம் அதைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

திண்டிவனம் நிற்பது மிகப் பழமையான கெட்டிப் பாறையின்மீது. அங்கே நீர் பாறை வெடிப்புகளில் தங்கும். கிழக்கே வானூர், மரக்காணம் நோக்கிச் செல்லச் செல்ல அப்பாறை ஆழத்தில் இறங்கிவிடுகிறது. அதன்மேல் மணலும் களியும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காய்ப் படிந்துள்ளன. காவிரிப் படுகை எனப் புவியியலார் வழங்கும் பெரும் பள்ளத்தின் வட எல்லை இதுவேயாகும். வழுதாவூர்ப் பக்கத்தில் கிடைத்த கடற்சிப்பிகளையும் சுருள் ஓடுகளையும் ஆராய்ந்து எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846 இல் இலண்டனில் எழுதினார். 1862 இல் ஹென்றி பிளான்ஃபோர்டு தென்னாற்காட்டுப் பாறைகளை விரிவாக வகைப்படுத்தினார். வழுதாவூரின் பெயர் இன்றும் உலகப் பாறையியல் நூல்களில் ஒரு பாறைப் படிவத்தின் பெயராக நிலைத்திருக்கிறது. நம்மூர்க் குளத்தங்கரைக் கல்லுக்கு இத்தனை பெருமையா என்று வியக்கலாம்.

பெருமை அதோடு நிற்கவில்லை. இங்கே நிலத்தின் மேலே தலைகாட்டும் அதே காலத்துப் பாறைகள் தெற்கே புவனகிரி, நன்னிலம் பகுதிகளில் மிக ஆழத்தில் புதைந்திருக்கின்றன. அங்கே அவை எண்ணெயையும் எரிவாயுவையும் தாங்கி நிற்கின்றன. 1950களின் இறுதியில் எண்ணெய் இயற்கை எரிவாயுக் குழுமம் காவிரிப் படுகையை ஆராயத் தொடங்கியது. 1980களின் நடுவில் நரிமணம் எண்ணெய் வயலால் அப்படுகை நாடறிந்த பெயராயிற்று. பின்னர் சீர்காழியை அடுத்த மாதானத்தில் அடித்தளக் கெட்டிப் பாறையின் வெடிப்புகளிலும் எண்ணெய் கண்டனர். திண்டிவனத்துக் கிணறுகளில் நீர் எவ்வாறு தங்குகிறதோ, அவ்வாறே அங்கே எண்ணெய் தங்கியிருக்கிறது.

பாறைக்குள் எண்ணெய் ஏரி போலத் தளும்பிக்கொண்டிருக்கிறது என்று எண்ணுவோர் உளர். அது பிழை. பஞ்சில் நீர் நிற்பதைப் போல மணல்துகள்களின் இடுக்குகளில்தான் நீரும் எண்ணெயும் நிற்கின்றன. அவை எவ்வளவு விரைவாக நகரும் என்பதை 1856 இல் தீஜோன் நகரின் குடிநீருக்காக உழைத்த ஹென்றி டார்சி மணல் நிரப்பிய குழாய்களைக் கொண்டு அளந்தார். அழுத்த வேறுபாடு கூடினால் ஓட்டம் கூடும். கடக்கும் தொலைவு கூடினால் ஓட்டம் குறையும். குடிநீருக்காகக் கண்ட இவ்விதியே இன்று எண்ணெய்ப் பொறியாளரின் கணக்கிற்கும் அடிப்படையாகும். நீரைவிடப் பிசுபிசுப்பு மிகுந்த எண்ணெய் மெதுவாக நகரும் என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்க்கிறார்கள்.

இச்சிந்தனையின் வேர் இன்னும் ஆழமானது. அல்பிரூனி கி.பி. 1000 ஐ ஒட்டி எழுதிய தம் காலக்கணிப்பு நூலில், ஊற்று நீர் மேலெழும்புவதற்குக் காரணம் அதன் பிறப்பிடம் அதனினும் உயரத்தில் இருப்பதே என விளக்கினார். அவருடைய சமகாலத்தவரான அல்கரஜி, மறைந்த நீரை வெளிக்கொணர்வது குறித்துத் தனி நூலே இயற்றினார். சுரங்கக் கால்வாய் வெட்டுவதையும் மட்டம் பார்க்கும் கருவிகளையும் கூறும் அந்நூல், ஹரீம் என்பதையும் ஆராய்கிறது. ஒரு கிணற்றைச் சுற்றிப் பிறர் தோண்டக் கூடாத காப்பெல்லையே ஹரீம். ஒருவர் தோண்டுவது அடுத்தவர் நீரைக் குறைக்கும் என்பதை அன்றே அறிந்திருந்தனர்.

அவ்வுண்மையை அருகிலுள்ள நெய்வேலியிலும் காணலாம். 1957 இல் அகழ்வு தொடங்கியபோது, பழுப்பு நிலக்கரிக்குக் கீழே இறுகிய நீரின் அழுத்தமே பெருந்தடையாயிற்று. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோகிராம் வரை மேல்நோக்கி முட்டிய அந்நீரை ஓயாது இறைத்துத்தான் 1961 இல் நிலக்கரியை எட்டினர். இறைத்தால் அழுத்தம் குறையும். குறைவது இறைத்த இடத்தில் மட்டுமன்று, சுற்றுப்புறம் எங்கும் பரவும். கடலோரத்தில் அவ்வாறு நேர்ந்தால் உப்பு நீர் உள்ளே நுழையும்.

2018 இல் மரக்காணம் முதல் கடலூர் வரையிலான பகுதி எண்ணெய் ஆய்வுக்காக ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒப்படைக்கப்பட்டது. 2019 ஜூனில் மரக்காணத்திலிருந்து இராமேசுவரம் வரை மக்கள் கைகோத்து நின்று மறுப்பைக் காட்டினர். 2020 இல் டெல்டா மாவட்டங்களைக் காக்கச் சட்டம் வந்தது. விழுப்புரம் அக்காப்புக்குள் வரவில்லை.

எரிபொருள் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. நம் அடுப்பும் வண்டியும் அதனால்தான் இயங்குகின்றன. ஆனால் எண்ணெய்க் கிணறு எதுவாயினும் குடிநீர் மணலைத் துளைத்துக்கொண்டே கீழே செல்ல வேண்டும். இரும்புக் குழாயும், அதற்கும் பாறைக்கும் இடையே ஊற்றும் சிமெண்டும்தான் நீரையும் எண்ணெயையும் பிரித்து நிற்கும் சுவர். அச்சுவர் பழுதானால் அதைக் கண்ணால் காண இயலாது. ஆகவே துளையிடுமுன் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து, அவ்வளவை ஊரார் அறியப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்கிறோம். பின்னாளில் கிணறு கெட்டது என்று ஓர் உழவர் முறையிட்டால், அவர் கையில் சான்று இருக்கும்.

எண்ணெய்க்கு மாற்று உண்டு. தண்ணீருக்கு மாற்று இல்லை. அல்கரஜி வகுத்துரைத்த காப்பெல்லை, ஆயிரம் ஆண்டுகள் கழித்து வானூர் வட்டத்து வயல்களுக்கும் தேவைப்படுகிறது.