கோவேறு கழுதைக்கு வாரிசு இல்லை: விண்வெளி ஓப்பராவில் குடியும் மணமும் மனோசக்தியும்

ஃபிராங்க் ஹெர்பர்ட்டைப் பற்றி டிம் ஓ'ரெய்லி 1981இல் வெளியிட்ட நூலைத் தவிர்த்துவிட்டு 'டியூன்' நாவலைப் பேச முடியாது. அந்நூலின் மையக் கருத்து இது: அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' வரிசைக்கு ஹெர்பர்ட் எழுதிய மறுப்புரைதான் 'டியூன்'. சரிந்துவரும் விண்மீன் பேரரசு என்னும் அதே களத்தை எடுத்துக்கொண்டு, அசிமோவிடம் எதிரியாக வந்த 'மியூல்' என்பவனை ஹெர்பர்ட் நாயகனாக்கிவிட்டார். இக்கருத்தைத் தள்ளிவிடுவது எளிதன்று. இரு படைப்புகளுமே ஜான் கேம்ப்பெல் ஆசிரியராக இருந்த ஒரே இதழில் தொடராக வந்தவை. மியூல், 'டியூன்' நாயகன் பால் அட்ரெய்டிஸ் இருவருமே மனோசக்தியால் வரலாற்றின் போக்கைக் குலைப்பவர்கள்.

ஆனால் மியூல் மலடன். 1945இல் அவன் கதை வெளிவந்தபோதே அசிமோவ் இதைக் குறிப்பால் உணர்த்திவிட்டார். கோவேறு கழுதை என்ற பெயரே அதனால்தான் அவனுக்கு வந்தது. எங்கிருந்தோ தனியனாகத் தோன்றுகிறான். அவன் ஆற்றல் அவனோடு மடிகிறது. பாலோ பல தலைமுறைகளாகத் திட்டமிட்டுக் கலந்த இரத்தத்தின் விளைச்சல். வாரிசே பெற முடியாதவனையும் வாரிசாகவே பிறப்பிக்கப்பட்டவனையும் ஒரே அச்சில் வார்ப்பது, கதையின் எந்திரம் எங்கே ஓடுகிறது என்பதைக் காணாமல் விடுவதாகும். ஹெர்பர்ட்டின் முன்னோரை அசிமோவிடம் தேடுவதைவிட, காதலும் குடிப்பெருமையும் மிகுந்த மலிவுவிலை இதழ் மரபில் தேடுவதே பொருந்தும் என்பது என் துணிபு. திறனாய்வாளர்கள் அம்மரபைக் கூச்சத்தோடு ஒதுக்கிவந்திருக்கிறார்கள்.

அம்மரபின் தொடக்கத்தை 1912இல், எட்கர் ரைஸ் பரோஸின் செவ்வாய்க் கதையில் வைக்கலாம். ஹீலியம் நாட்டு இளவரசி டெஜா தோரிஸ், தன் நாட்டைக் காக்க எதிரி நாட்டு இளவரசன் சப் தானை மணக்க இசைகிறாள். குடி, காதல், சூழ்ச்சி மூன்றும் அங்கே வந்துவிட்டன. மனோசக்தியும் உண்டு, ஆனால் அது செவ்வாய்வாசிகள் எல்லாருக்கும் பொது. காற்று ஆலையின் காவலன் மனத்திலிருந்து கதவு திறக்கும் இரகசியத்தை ஜான் கார்ட்டர் படித்துக்கொள்வதுபோல, கதையை நகர்த்த அது உதவுகிறது, அவ்வளவே. யார் யாரை மணப்பது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

1947 இலையுதிர் காலத்தில் இரண்டு கதைகள் அடுத்தடுத்து வந்தன. செப்டம்பரில் எட்மண்ட் ஹாமில்டனின் 'தி ஸ்டார் கிங்ஸ்', நவம்பரில் ஈ. ஈ. ஸ்மித்தின் 'சில்ட்ரன் ஆஃப் தி லென்ஸ்' தொடர். ஸ்மித்திடம் பிரபுக்குடிகள் இல்லை. ஆனால் அரிசியர்கள் இரண்டு வம்சங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி, கின்னிசனையும் கிளாரிசாவையும் சேர்த்துவைத்து, நிகரற்ற மன ஆற்றலுள்ள ஐந்து பிள்ளைகளைப் பெறவைக்கிறார்கள். 'டியூன்' நாவலின் பெனி ஜெசரிட் சகோதரிகள் கையாளும் இனவிருத்தித் திட்டம் ஏறத்தாழ முழுமையாக இங்கே இருக்கிறது. இதை ஹெர்பர்ட் அறியாமலா இருந்திருப்பார்? நேர்ச் சான்று என ஒரு தாளையும் காட்ட இயலாது. எனினும் இத்தொடரை வெளியிட்டவரும் அதே கேம்ப்பெல்தான். அந்த இதழுக்கு எழுதிய எவரும் ஸ்மித்தைக் கடந்து வராமல் இருந்திருக்க முடியாது. ஓ'ரெய்லி அசிமோவுக்குத் தரும் இடம் ஸ்மித்துக்கும் உரியது. பிள்ளைப்பேற்றைப் பொறுத்தமட்டில் கூடுதலாகவே உரியது.

ஹாமில்டனின் கதையில் நான் நின்று பார்க்க விரும்புவது முர்ன் என்ற சிறு பாத்திரத்தை. நியூயார்க்கின் ஜான் கார்டனும் இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்குப் பிந்தைய இளவரசன் சார்த் ஆர்னும் மனத்தை மாற்றிக்கொள்கிறார்கள். அரசியல் கூட்டணிக்காக ஃபோமல்ஹாட் இளவரசி லியன்னாவை இளவரசன் மணக்க வேண்டும். ஆனால் அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கிறாள்: பட்டத்துரிமை தராத மணத்தால் வந்த முர்ன். இளவரசன் உடலில் வேறொருவன் மனம் குடியிருக்க, அவள் அன்பு காட்டுவது யாரிடம்? கதை இக்கேள்வியைத் தொட்டுவிட்டு ஓடிவிடுகிறது. ஆனால் பட்டத்துக்கு ஒருத்தி, அன்புக்கு ஒருத்தி என்ற அமைப்பை விண்வெளிக் கதையில் இவ்வளவு தெளிவாக வைத்ததற்காகவே முர்னை மறக்கக் கூடாது.

ஏனெனில் 'டியூன்' முடிவது இந்த இடத்தில்தான். பால் பேரரசன் மகள் இருலானை அரியணைக்காக மணக்கப்போகிறான். சானி ஆசைநாயகியாகவே இருப்பாள். அவளைத் தேற்றுபவள், தானும் லீட்டோ பிரபுவுக்கு ஆசைநாயகியாகவே வாழ்ந்த பாலின் தாய் ஜெசிகா. பிற குடிகள் மணவுறவுக்கு ஆசைப்பட்டுக் காத்திருக்கட்டும் என்பதற்காகவே லீட்டோ அவளை மணக்காமல் இருந்தான். பேரரசின் சரிவுதான் நாவலின் பொருள் என்றால், கடைசிப் பேச்சை இரு பெண்களின் மணநிலைக்கு விட்டுக்கொடுத்தது ஏன்? ஓ'ரெய்லியின் வாசிப்பில் இதற்கு விடையில்லை. கதையின் முதல் முடிச்சும் அன்பால் நேர்ந்த மீறல்தான். மகளைப் பெறும்படி சகோதரிகள் இட்ட ஆணையை மீறி, லீட்டோவுக்காக ஜெசிகா மகனைப் பெறுகிறாள். அந்த மகளை ஹார்கோனன் குடியின் ஃபெய்ட்-ரவுத்தாவோடு இணைத்துவிட்டால் குடிப்பகையும் தீரும், வேண்டிய பிள்ளையும் பிறக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஸ்மித்தின் இரத்தக் கணக்கும் ஹாமில்டனின் அரண்மனை மணமும் இந்த ஒரே முடிவில் சந்திக்கின்றன. மனோசக்தி பரம்பரைச் சொத்தானதும் படுக்கையறை அரசவையாகிவிடுகிறது.

ஓ'ரெய்லிக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1963 ஜூனில் கேம்ப்பெல் ஹெர்பர்ட்டுக்கு எழுதிய கடிதத்தில், பதினைந்து வயது அதிமனிதன் ஒருவனுக்குத் தந்தையாகிவிட்டதற்கு வாழ்த்திவிட்டு, வருங்காலத்தைக் காணும் ஆற்றல் கதைக்கு வைக்கும் பொறியைப் பற்றி எச்சரிக்கிறார். தனிமனித ஆற்றல்தான் அவர் கண்ணில் பட்டது. ஆனால் அது பதிப்பாசிரியரின் கண்.

குடியையும் பரம்பரை மனோசக்தியையும் முதலில் பிணைத்தவர் ஹெர்பர்ட்டா என்பதும் உறுதியில்லை. மேரியன் சிம்மர் பிராட்லியின் 'தி சுவர்ட் ஆஃப் ஆல்டோன்ஸ்' 1962இல் அச்சேறியது. 'டியூன்' தொடரோ 1963 டிசம்பரில்தான் தொடங்கியது. பிராட்லியின் டார்க்கோவர் கோளில் கோமின் பிரபுக்கள் ஆள்வதே இரத்தத்தில் வரும் மனோசக்தியால். பூமிக்காரியின் வயிற்றில் பிறந்த லியூ ஆல்ட்டனின் வாரிசுரிமை, ஆல்ட்டன் குடிக்குரிய ஆற்றல் அவனிடம் இருப்பதைப் பொறுத்தே நிற்கிறது. அச்சான ஆண்டை வைத்தால் பிராட்லி முந்துகிறார். ஆனால் 'டியூன்' நாவலுக்கு வித்திட்ட மணற்குன்று ஆய்வுக்காக ஹெர்பர்ட் ஓரிகனின் ஃபுளோரன்ஸுக்குப் போனது 1957இல். பிராட்லியும் தம் கதையை 1981இல் 'ஷாராஸ் எக்ஸைல்' என்று முழுவதும் மாற்றி எழுதினார். பிந்தைய டார்க்கோவரின் ஒழுங்கை 1962ஆம் ஆண்டுப் பாடத்தின் மேல் ஏற்றிப் படித்தால் கணக்குப் பிசகும். ஒருவரிடமிருந்து மற்றவர் பெற்றார் என்பதைவிட, 1947இல் அருகருகே கிடந்த இரு இழைகளை இருவரும் தனித்தனியே முறுக்கினர் என்றே கொள்கிறேன்.

பின்வந்தவர்கள் எந்த இழையைத் தொடர்ந்தார்கள் என்பதும் இதற்குத் துணை நிற்கிறது. கேத்தரின் அசாரோவின் 'பிரைமரி இன்வர்ஷன்' (1995) நாவலில் ரூபி அரசகுடியின் போர்வீராங்கனை சாஸ்கோனி, எதிரிப் பேரரசின் வாரிசு ஜைப்ரியலைக் காதலிக்கிறாள். ரூபி குடிக்கே உரிய மனோசக்தியைக் கைப்பற்றவென்று எதிரிகள் தலைமுறைகளாகத் திட்டமிட்டுப் பிறப்பித்த பிள்ளை அவன். மியூலின் வழியில் வந்தால் இப்பிள்ளைக்கு இடமே இல்லை. ஜெசிகாவின் வழியில் வந்தால் அவன் பிறந்தே தீர வேண்டியவன்.