வேடன் பெயரில் ஒரு புகலிடம்

பொம்மிடியில் ரயில் ஏறும்போது நண்பர்களின் எண்ணம், வேடந்தாங்கல் ஏரிக்கரையில் கூடாரம் அடித்து இரவைக் கழிப்பதாக இருந்தது. சரணாலயத்துக்குள் அவ்வாறு தங்க இயலாது என்றறிந்து, வெளியே அறையெடுத்துத் தங்கி, விடியுமுன் கரையேறினோம். நீர்க்கடம்ப மரங்களின் மேல் நத்தைகுத்தி நாரைகளும் வக்காக்களும் நீர்க்காகங்களும் எழுப்பிய ஒலியில் எங்கள் பேச்சு தானே அடங்கியது.

ஊரின் பெயரை எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சுகிறது. தாங்கல் என்பது தொண்டை நாட்டில் சிறு ஏரிக்கு வழங்கும் பெயர். வேட்டைக்குரியவனின் பெயரைத் தாங்கிய நீர்நிலை, வேட்டையைத் தடுத்த முன்னோடி இடங்களுள் ஒன்றாயிற்று.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டு வந்தனர். ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, வேட்டையைத் தடுக்கும் கவுல் ஒன்றைப் பெற்றனர் என்பது வரலாறு. மதுராந்தகம் 'ஏரி காத்த ராமர்' கதையில் வரும் அதே பிளேசுதான் இவர். அந்த உரிமையை ஊரார் 1858இல் மீண்டும் புதுப்பித்துக்கொண்டனர். அரசு இதனைச் சரணாலயமாக ஏற்றது 1936இல்தான்.

இதை வெறும் ஜீவகாருண்யம் என்று சொல்லிவிட முடியாது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு எருவாகும் என்பதை உழவர்கள் அறிந்திருந்தனர். ஆயினும் பயன் கருதிய காவல் தலைமுறைகள் கடந்தபின் பண்பாகவே மாறிவிட்டது. தீபாவளியன்றும் இவ்வூரில் வெடிச்சத்தம் கேட்பதில்லை.

ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர் மட்டுமே. பறவைகள் இரை தேடுவதோ சுற்றியுள்ள வயல்களிலும் குளங்களிலும். எனவேதான் 5 கிலோமீட்டர் ஆரமுள்ள பகுதி சரணாலய எல்லைக்குள் வைக்கப்பட்டது. 2020இல் அவ்வெல்லையைச் சுருக்கும் முயற்சி எழுந்தபோது எதிர்ப்பு வலுத்ததும் இதனாலேயே. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது பெருமைதான். ஆனால் வயல்கள் மறைந்தால் பட்டியல் பறவைக்கு இரை தராது.

திரும்பும் வழியில், சேர்வராயன் மலை கண்ணில் பட்டபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "நம்ம ஊர் ஏரிக்காக எந்தக் கலெக்டரிடம் நாம் போய் நின்றோம்?" எவரிடமும் விடை இல்லை. வேடந்தாங்கலின் வரலாறு ஆணையில் தொடங்கவில்லை. ஊரார் ஒன்றுகூடி முறையிட்டதில் தொடங்கியது.