ஒரு மாக்கட்டியின் பயணம்

கல்முனையிலிருந்து தென்மேற்கே வயல்வெளிகளைத் தாண்டினால் அம்பாறை நகரம். கச்சேரி அலுவல்களுக்காகக் கரையோர முஸ்லிம் ஊர்ச் சனம் போய்வரும் இடம். சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் அந்நகரில், முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், 2018 பெப்ரவரி 26 இரவு, இறைச்சி ஆணத்துக்குள் கரையாமல் கிடந்தது ஒரு மாக்கட்டி.

எந்தக் குசினியிலும் நடப்பதுதான். ஆனால் அன்று அதற்கு ‘மலட்டு மாத்திரை’ என்று பேர் வைத்தார்கள். சிங்களவரின் சந்ததியைக் குறைக்க முஸ்லிம்கள் உணவில் மருந்து கலக்கிறார்கள் என்ற கதை அதற்கு முன்பே நாட்டில் உலவியது. கட்டி மேசைக்கு வருமுன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

காசாளருக்குச் சிங்களம் சரியாக வராது. கூட்டம் சூழ்ந்து மிரட்ட, அவர் தடுமாறிச் சொன்னதை ஒப்புதல் வாக்குமூலமாகப் படம்பிடித்தார்கள். கடை உடைந்தது. பள்ளிவாசலும் வாகனங்களும் தாக்கப்பட்டன. காணொளி பேஸ்புக்கில் ஏறி நாடெங்கும் போனது.

மார்ச் தொடக்கத்தில், கண்டி மாவட்டத்தின் தெல்தெனியாவில் முஸ்லிம் இளைஞர் சிலர் தாக்கியதில் காயமடைந்திருந்த சிங்கள லொறிச் சாரதி ஒருவர் உயிரிழந்தார். அந்தக் கொலைக்குச் சட்டம் பதில் சொல்லியிருக்க வேண்டும். பழிவாங்கப்பட்டதோ அதில் சம்பந்தமே இல்லாத முஸ்லிம் சனம். அம்பாறைக் கதையும் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றியது. அருகிலுள்ள திகனவில் அவர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 6-இல் அவசரகாலச் சட்டம் வந்தது. அடுத்த நாள் பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன.

அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கையும் அந்த மார்ச்சில்தான் வெளிவந்தது: அம்பாறைக் கடையில் கிடந்த கட்டி வெறும் மா, மருந்து எதுவும் இல்லை. உண்பவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை உலகிலேயே கிடையாது என்று மருத்துவர்களும் விளக்கினார்கள். ஆனால் பழைய கதை ஓயவில்லை. 2019-இல் குருநாகலில் ஒரு முஸ்லிம் மருத்துவர்மீது கருத்தடைப் பழியாக அது திரும்பி வந்தது. 2018 வன்முறையில் தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்காக 2020-இல் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

சிங்களவர் மட்டும் படிக்க வேண்டிய பாடமல்ல இது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் பிரச்சினை சூடேறும்போதெல்லாம் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரைப் பற்றி மற்றவர் எதையும் நம்பத் தயாராகிவிடுகிறோம். அடுத்த சமூகத்தைப் பற்றிய செய்தி உங்கள் கைபேசிக்கு வரும்போது, அதை அனுப்புமுன் அந்தச் சமூகத்திலுள்ள உங்கள் நண்பரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படிக் கேட்க ஒரு நண்பர் இல்லையென்றால், முதலில் அந்த நட்பைத் தேடுங்கள்.